குட்டி ஆர்க்கிட்டை இனம் காண்பது எப்படி?

பெயர் தெரியாத குட்டி ஆர்க்கிட் ஒன்று பூத்திருக்கிறதா? உடனே படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க உட்காராதீர்கள். நிறத்தால் ஒன்றுபோலத் தெரிகிற இனங்கள் ஏராளம். முதலில் செடியை விவரித்து எழுதுங்கள், அப்புறம் பெயரைத் தேடலாம்.

1. பழைய பெயர் அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம், தப்பான பெயராக இருந்தாலும் சரி. வளர்ப்புச் செடி எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே ஒரே தடயமாக இருக்கலாம். 'ப்ளூரோதாலிஸ்' என்ற பேரினப் பெயர் எழுதியிருந்தால் இன்னும் கவனம் தேவை. 2001-ல் தாவரவியலாளர்கள் பிரிட்ஜனும் சேஸும் அந்தப் பேரினத்தைப் பிரித்தார்கள். உதாரணமாக, பழைய 'ப்ளூரோதாலிஸ் குரோபியி' இன்று 'ஸ்பெக்லினியா குரோபியி' ஆகியிருக்கிறது.

2. தண்டைப் பாருங்கள். உருண்ட போலிக்குமிழ்கள் (குமிழ்போலத் தடித்த தண்டுகள்), ஒவ்வொன்றின் தலையிலும் ஓரிலை, பூந்தண்டு குமிழின் அடியிலிருந்து கிளம்புகிறது என்றால் பல்போபில்லம் என்ற பேரினத்தை முதலில் சந்தேகிக்கலாம். குமிழே இல்லாமல், மெல்லிய தண்டின் நுனியில் ஒற்றை இலை என்றால் ப்ளூரோதாலிஸ் கூட்டம். அந்தத் தண்டில் புனல் வடிவ உறைகள் அடுக்கடுக்காக இருந்தால் லெபாந்தெஸாக இருக்க வாய்ப்பு அதிகம். தட்டையான இலைகள் விசிறிபோல விரிந்து, மிகச் சிறிய பூக்கள் நெருக்கமாகக் கோத்திருந்தால் ஓபரோனியாவைப் பாருங்கள்.

3. இனி பூ. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான், அவசரப்படாமல் செய்யுங்கள். முழுப் பூவையும் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், பக்கத்தில் மில்லிமீட்டர் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். நிறத்தை அப்போதே குறித்துவிடுங்கள். பிறகு ஒரு பூவைக் கிள்ளி, ஊசி முனையால் பிரித்து, கறுப்புத் தாளில் பரப்புங்கள்: மூன்று புல்லிதழ், இரண்டு அல்லிதழ், உதடு (மற்ற இரண்டிலிருந்து வேறுபட்ட மூன்றாவது அல்லிதழ்), நடுவில் தூண் (ஆண், பெண் உறுப்புகள் ஒன்றாக இணைந்த பகுதி). பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், வெறும் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிந்த உதட்டில் மேடுகளும் விளிம்பு ரோமங்களும் தெரியவரும். புல்லிதழ்கள் எவ்வளவு தூரம் ஒட்டியிருக்கின்றன? உதடு லேசாக ஊதினால் ஆடுகிறதா? தூணின் நுனியில் உள்ள மூடியை நீக்கி மகரந்தத் திரள்களை (கட்டியாகச் சேர்ந்த மகரந்தம்) எண்ணுங்கள், பேரினத்தைப் பொறுத்து எண்ணிக்கை மாறும்: மாஸ்டெவாலியாவில் 2, பல்போபில்லத்தில் பெரும்பாலும் 4, ஆக்டோமேரியாவில் 8. இன்னொரு பூவை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு வையுங்கள். நிறம் போய்விடும், வடிவம் நிற்கும். சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள்.

4. எழுதும்போது 'சின்ன, அழகான' என்பதெல்லாம் உதவாது. 'இலை தலைகீழ் முட்டை வடிவம், 12–15 மி.மீ. நீளம், நுனியில் சிறு பிளவு' என்று எழுதுங்கள். பல இலைகளை அளந்து வீச்சைத் தாருங்கள், ஏனென்றால் வெளிச்சத்தைப் பொறுத்து இலையின் நீளம் மாறும். பூவின் அமைப்பு அவ்வளவு எளிதில் மாறாது.

5. இப்போது பேரினத்தின் விளக்கங்களோடு ஒப்பிடுங்கள். மாஸ்டெவாலியா என்றால் கலப்பினமாக இருக்குமா என்பதையும் யோசியுங்கள், வளர்ப்பில் அவை நிறைய உண்டு. உதடோ தூணோ பொருந்தவில்லை என்றால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். புதிய அட்டையில் பேரினப் பெயரும் 'எஸ்பி.' (sp., இனம் இன்னும் தெரியவில்லை) என்ற குறிப்பும் போதும். பழைய பெயரையும் அதன் பின்புறத்தில் எழுதி வையுங்கள்.