டெல்டா கல்லூரிகளில் எல்லோரும் பங்கேற்கும் கருத்தரங்கு: கோப்பு, ஒலி, மேடை

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு துறை பன்னாட்டுக் கருத்தரங்கம் நடத்த முடிவெடுத்தால், பட்ஜெட் பேச்சு கேமராவிலும் எல்இடி திரையிலும்தான் தொடங்குகிறது. அன்றைக்கு நடப்பது வேறு. பார்வை மாற்றுத்திறனாளி மாணவரால் கட்டுரைகளைத் தொகுத்த ஆய்வுக்கோவையின் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்க முடிவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இணையவழி சேர்ந்தவர் எதிரொலி தாங்காமல் பத்து நிமிடத்தில் வெளியேறுகிறார். காது மந்தமான ஓய்வுபெற்ற பேராசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறார். இதில் எதையும் கேமரா தீர்க்காது. கோப்பும் ஒலியும் சரியாக இருந்தால் முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்துவிடும், இரண்டுக்குமே செலவு குறைவு. ஆகவே முதலில் கோப்பு, அடுத்து ஒலி, பிறகு இடம். மிச்சமிருக்கும் பணத்தில் கேமரா.

அறிவிப்பு

கருத்தரங்க அறிவிப்பு இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் படமாகத்தான் பரவுகிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்து, திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பானுக்குத் தெரியாது. பார்வையற்றவரின் போனில் அது "படம்" என்ற ஒற்றைச் சொல்லாகத்தான் ஒலிக்கும். படத்தின் கீழேயே தலைப்பு, நாள், இடம், கட்டணம், ஆய்வுச்சுருக்கம் அனுப்பக் கடைசி நாள், தொடர்பு எண், இவை எல்லாவற்றையும் எழுத்தாகத் தட்டி அனுப்புங்கள். ஐந்து நிமிட வேலை.

பதிவுப் படிவத்தில் "மாற்றுத்திறனாளியா? ஆம் / இல்லை" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. "ஆம்" என்ற பதிலை வைத்துக்கொண்டு சாய்தளம் போடுவதா, சைகை மொழிபெயர்ப்பாளரை அழைப்பதா என்று யாருக்கும் தெரியாது. "என்ன ஏற்பாடு செய்தால் வசதியாக இருக்கும்?" என்று கேட்டு, கீழே தெரிவுகளைக் கொடுங்கள்: முன்கூட்டியே மின்கோப்பு, பெரிய எழுத்து அச்சு, சைகை மொழி, முன்வரிசை இருக்கை, படியில்லாத வழி, கூடுதல் நேரம், உடன் வருபவருக்கு இடம், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க அறை, பிற. சான்றிதழ் நகல் கேட்க வேண்டாம், கருத்தரங்கத்தில் உட்கார அது தேவையில்லை. இந்தப் படிவம் நிகழ்ச்சிக்கு 30 நாள் முன்பாவது முடிந்திருக்க வேண்டும். சைகை மொழிபெயர்ப்பாளர்கள் நம் மாவட்டங்களில் எளிதாகக் கிடைப்பதில்லை, திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரவேண்டியிருக்கும்.

நாள் குறிப்பதும் இதில் அடக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2018-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது நவம்பர் 16 அன்று. பொங்கலையொட்டிச் சம்பா அறுவடை, வயலுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்போது வேறு வேலை இருக்கும். பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் தோது. நிகழ்ச்சி மாலை நான்கு மணிக்குள் முடியட்டும். ஐந்தரைக்குச் சான்றிதழ் வழங்கினால் டவுன் பஸ்ஸில் ஊர் திரும்பும் மாணவிகள் வாங்காமலே போய்விடுவார்கள்.

கட்டுரைக் கோப்பு

பெரும்பாலான கருத்தரங்குகள் கோட்டைவிடும் இடம் இது. தமிழ்த் துறைகளுக்கு வரும் கட்டுரைகளில் கணிசமானவை இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் வருகின்றன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளே. பாமினியில் "அம்மா" என்று தட்டினால் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகும். திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும், கூகுள் தேடலும் அதைத்தான் பார்க்கும். அந்தக் கட்டுரை யார் கண்ணிலும் படாமல் போவதற்கு வேறு காரணம் வேண்டாம்.

ஆகவே அறிவிப்பிலேயே "ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருவில், வேர்ட் கோப்பாக மட்டும்" என்று போடுங்கள். தமிழக அரசு 2010-லேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது, யாரும் முகம் சுளிக்க முடியாது. இருந்தும் சிலர் பழையபடிதான் அனுப்புவார்கள். அவற்றை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவியில் மாற்றலாம். மாற்றும்போது இரண்டு கோளாறு வரும்.

முதலாவது, கட்டுரைக்குள் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் கருவி அவற்றையும் பாமினி என்று எடுத்துக்கொண்டு பொருளற்ற தமிழாக மாற்றிவிடும். முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றாமல் தமிழ்ப் பத்திகளை மட்டும் தேர்ந்து மாற்ற வேண்டும். துணைநூற்பட்டியலைக் கடைசியில் தனியாகப் பார்ப்பது நல்லது, அங்கேதான் இரு மொழியும் கலந்து கிடக்கும்.

இரண்டாவது, ஔகாரம். "பௌத்தம்" என்பதைப் பலர் ஒற்றைக்கொம்பு, பகரம், ளகரம் என்று தனித்தனியாகத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கணினிக்கு அது "பெ", "ள". நாகப்பட்டினம் சூடாமணி விகாரம் பற்றிய கட்டுரையில் "பௌத்தம்" என்று தேடினால் ஒன்றுகூடச் சிக்காது, திரைவாசிப்பானும் "பெளத்தம்" என்று உளறும். ஔவை, சௌந்தர, கௌதமர், மௌனம், இந்த நான்கையும் வேர்டின் தேடல் பெட்டியில் சரியான வடிவில் போட்டுப் பாருங்கள். இருக்க வேண்டிய இடத்தில் அகப்படவில்லையென்றால் பிழை உறுதி. "ரிப்ளேஸ் ஆல்" கொடுத்தால் தீர்ந்தது. "வெள்ளம்", "தெளிவு" என்று இயல்பாகவே கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வரும் சொற்களும் உண்டு. எனவே இரண்டு எழுத்தை மட்டும் கொடுத்து மாற்றாமல் முழுச்சொல்லைக் கொடுத்து மாற்றுங்கள்.

அடுத்து பிடிஎஃப். ஒருங்குறியில் தட்டி, அழகாகப் பக்கம் வடிவமைத்து, பிடிஎஃப் ஆக்கிய பிறகும் தமிழ் உள்ளே உடைந்து கிடக்கும். கொம்பு எழுத்துக்கு முன்னால் தெரிவதால் சில மென்பொருள்கள் கோப்பிலும் அதை முன்னால் வைத்துவிடுகின்றன. சோதிப்பது எளிது. பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். "கோயில்" என்பது "ேகாயில்" என்று வந்தால் அந்தப் பிடிஎஃபைத் திரைவாசிப்பான் ஒழுங்காகப் படிக்காது. பிடிஎஃபைச் சரிசெய்ய ஒரு வாரம் மெனக்கெடுவதைவிட, கூடவே வேர்ட் கோப்பையும் கொடுத்துவிடுவது மேல். அச்சுக்கு அது, வாசிப்புக்கு இது.

வேர்டில் தலைப்பைக் கொட்டை எழுத்தாக்கினால் மட்டும் போதாது. ஹோம் பட்டியில் உள்ள ஸ்டைல்ஸில் "ஹெடிங் 1", "ஹெடிங் 2" என்று கொடுக்க வேண்டும். அப்போதுதான் பார்வையற்றவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடியும். இல்லையென்றால் 400 பக்க ஆய்வுக்கோவையை முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டியதுதான்.

கடைசியாக, நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். என்விடிஏ விண்டோஸுக்கான இலவசத் திரைவாசிப்பான், அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் வாசிக்கும். குரல் கரகரவென்றுதான் இருக்கும், பழகியவர்கள் அதையே இரண்டு மடங்கு வேகத்தில் கேட்பார்கள். கோப்பைத் திறந்து, இன்செர்ட் விசையை அழுத்தியபடி கீழ் அம்பைத் தட்டினால் தொடர்ந்து வாசிக்கத் தொடங்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் கேளுங்கள், எங்கே தட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

பவர்பாயிண்ட்

எழுத்து 28 புள்ளிக்குக் குறையக் கூடாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்பது வலை அணுகல் நெறிகளின் அளவு. மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து அதில் தேறாது. வெள்ளையில் கருப்பு போட்டால் கணக்கே பார்க்க வேண்டாம்.

படம் காட்டினால் அதை வாயால் சொல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுப் படத்தைப் போட்டுவிட்டு "இதோ பாருங்க, இங்கேதான் விஷயம் இருக்கு" என்றால் பார்வையற்றவருக்கும் ஒன்றுமில்லை, கடைசி வரிசைக்கும் ஒன்றுமில்லை, போனில் சேர்ந்தவருக்கும் ஒன்றுமில்லை. "அதிட்டானத்தின் (அடிப்பீடத்தின்) எந்தப் பக்கம், எத்தனை வரி, இந்த வரியின் வாசகம் இது" என்று படித்துவிட்டு மேலே போகச் சொல்லுங்கள். அரை நிமிடம்தான் கூடும்.

ஒலி

மைக்செட்காரரை நிகழ்ச்சிக்கு முதல் நாளே வரவழையுங்கள். "மிக்சரில் ஆக்ஸ் அவுட் இருக்கிறதா?" என்பதுதான் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. மிக்சர் என்பது எல்லா மைக்குகளின் ஒலியையும் சேர்க்கும் பெட்டி, ஆக்ஸ் அவுட் அதிலிருந்து ஒலியைத் தனியாக வெளியே எடுக்கும் துளை. மடிக்கணினியின் சொந்த மைக்கை நம்பி இணையவழி நிகழ்ச்சி நடத்தினால், கூடத்து மின்விசிறிகளின் இரைச்சலும் ஸ்பீக்கரின் எதிரொலியும்தான் வெளியூருக்குப் போகும்.

ஆக்ஸ் அவுட்டிலிருந்து ஒரு கம்பியை, ஒலியைக் கணினிக்கேற்ப மாற்றித் தரும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிக்குக் கொண்டுபோங்கள், அங்கிருந்து மடிக்கணினிக்கு. நேராக மடிக்கணினியின் மைக் துளையில் சொருகினால் ஒலி கரகரத்து உடையும், ஏனென்றால் மிக்சர் தரும் சமிக்ஞையின் வலிமை (லைன் அளவு) மைக் துளைக்கு மிக அதிகம். பெட்டிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். கேமராவைக் கடன் வாங்கியாவது இதைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினியிலிருந்து வரும் ஒலியை, அதாவது வெளியூர்ப் பேச்சாளரின் குரலை, மிக்சரின் தனிச் சேனல் ஒன்றில் கொடுங்கள். அந்தச் சேனலில் மட்டும், ஆக்ஸ் அவுட்டுக்கு எவ்வளவு ஒலி போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஆக்ஸ் திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுங்கள், மற்ற மைக்குகளுக்கு நடுவில் இருக்கட்டும். இப்போது வெளியூர்க்காரர் குரல் கூடத்தில் கேட்கும், அவருக்கே திரும்பிப் போகாது. இந்த ஒரு திருகு ஏறியிருந்தால்தான் "சார், எனக்கு என் குரலே திரும்பக் கேட்குது" என்ற புகார் வரும். தேநீர் இடைவேளைக்குப் பிறகு யாராவது கை வைத்திருப்பார்கள், ஆகவே திருகின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

இசைத் துறை நிகழ்ச்சி என்றால் இன்னொன்று. ஜூமின் இரைச்சல் நீக்கி, இடைவிடாமல் ஒலிக்கும் தம்புரா சுருதியை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து விழுங்கிவிடும். தவிலையும் பிய்த்துப் பிய்த்துத் தரும். ஆடியோ அமைப்பில் "ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசீஷியன்ஸ்" என்பதை இயக்கிவிட்டு, பேச்சுக்குத் திரும்பும்போது அணைத்துவிடுங்கள்.

"எனக்கு மைக் வேண்டாம், என் குரல் நல்லாவே கேட்கும்" என்று யாராவது ஒரு பெரியவர் சொல்வார். கூடத்துக்குக் கேட்கலாம், இணையத்துக்கு ஒரு சொல்லும் போகாது. மரியாதையோடு மைக்கைக் கையில் கொடுத்துவிட வேண்டும். வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி இருக்கட்டும். கேள்வி நேரத்தில் மைக் எட்டாதவர் கேட்டால் அமர்வுத் தலைவர் அந்தக் கேள்வியைத் தன் மைக்கில் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் பதிலுக்கு விட வேண்டும்.

மின்சாரம் போனால் மடிக்கணினி பேட்டரியில் ஓடும். ஜெனரேட்டர் சில நொடியில் வந்துவிடும். ஆனால் அந்தச் சில நொடியில் அணைந்த ஃபைபர் மோடம் மீண்டும் இணைய இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும், அதற்குள் பாதிப்பேர் போய்விடுவார்கள். மோடத்தையும் மிக்சரையும் ஒரு சிறிய யூபிஎஸ்ஸில் போடுங்கள்.

வீட்டிலிருந்து போனில் சேரும் மாணவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபிதான் இருக்கும். நாள் முழுக்க வீடியோ பார்த்தால் மதியத்துக்கே தீர்ந்துவிடும். வீடியோவை அணைத்து ஒலியை மட்டும் கேட்கும் வழியை அறிவிப்பிலேயே சொல்லுங்கள். பேச்சாளர்களின் பவர்பாயிண்டை முந்தின நாள் மாலையே அனுப்பிவிட்டால் ஒலி மட்டுமே அவர்களுக்குப் போதும்.

செவித்திறன் குறையுடையோர்

ஆண்ட்ராய்டு போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும். போனைப் பேச்சாளர் அருகே வைத்து அதன் திரையை இரண்டாவது ப்ரொஜெக்டரில் காட்டலாம். நிதானமான மேடைத் தமிழில் ஓரளவு சரியாகப் பிடிக்கும். வட்டார வழக்கு, ஊர்ப்பெயர், கல்வெட்டுச் சொல் வந்தால் தடுமாறும். அதனால் உரையின் அச்சுப்படியையும் கையில் கொடுக்க வேண்டும், எழுத்தாக்கத்தை மட்டும் நம்ப முடியாது.

சைகை மொழிபெயர்ப்பாளர் இருவர் தேவை, 20 நிமிடத்துக்கு ஒருவர் மாறுவார்கள். ஒருவரையே நாள் முழுக்க நிற்கவைத்தால் பிற்பகலில் மொழிபெயர்ப்பு பாதியாகிவிடும். பங்கேற்பாளருக்கு இந்திய சைகை மொழி தெரியுமா என்று அவரிடமே முதலில் கேளுங்கள், வீட்டுச் சைகை மட்டுமே பழகியவர்களும் உண்டு. உரையை இரண்டு நாள் முன்பே மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்புங்கள். அவர் பேச்சாளரை ஒட்டி, வெளிச்சத்தில் நிற்க வேண்டும். ப்ரொஜெக்டருக்காக விளக்கெல்லாம் அணைத்தால் சைகை தெரியாது.

மேடையும் சாப்பாடும்

சாய்தளத்துக்கு 1க்கு 12 என்ற சரிவுதான் கணக்கு. மேடை இரண்டரை அடி உயரம் என்றால் 30 அடி நீளச் சாய்தளம் வேண்டும். எந்தக் கல்லூரிக் கூடத்திலும் அதற்கு இடம் இருக்காது. ஆறடிப் பலகையைச் சாய்த்துவைத்து நாலு பேர் சக்கர நாற்காலியைத் தூக்கி ஏற்றுவது ஆபத்து, அவமானமும்கூட. மேடையை விட்டுவிடுங்கள். பேச்சாளர் மேசையைத் தரையில் போட்டு எல்லோருமே கீழிருந்து பேசட்டும். பொன்னாடை, குத்துவிளக்கு எல்லாம் கீழேயே நன்றாக நடக்கும். கழிப்பறைக் கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள், 90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு பஃபே வேண்டாம். தட்டை ஒரு கையிலும் ஊன்றுகோலை மறு கையிலும் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க முடியாது. இலை போட்டு மேசையில் பரிமாறுங்கள். நுனி இடப்பக்கம், உப்பும் ஊறுகாயும் அந்த ஓரத்தில், கறிகள் மேல்பாதியில், சோறு கீழே என்று இடம் வகுத்தது என்பதால் பார்வையற்றவருக்கு எது எங்கே என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேசைக்கு அடியில் சக்கர நாற்காலி நுழையும்படி ஒரு பக்கம் பெஞ்சை எடுத்துவிடுங்கள்.

முடிந்த பிறகு

பதிவான வீடியோவை அப்படியே ஏற்றாமல் கட்டுரைக்கு ஒன்றாக நறுக்குங்கள். பத்து நிமிட உரையை 480பி அளவில் சுருக்கினால் ஏறக்குறைய 50 எம்பிக்குள் அடங்கும், வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம். யூடியூபில் தானியங்கித் தமிழ் வசனங்கள் வந்தால் அவற்றை அப்படியே விடாதீர்கள். கட்டுரையின் வேர்ட் கோப்பு கையில் இருக்கிறதே, அதை வைத்து ஒரு மாணவர் ஒரு மாலையில் திருத்திவிடுவார், அவருக்கு அதற்கான ஊதியத்தையும் பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். நூலுக்கான ஐஎஸ்பிஎன் எண் வாங்கி அச்சிட்ட ஆய்வுக்கோவையின் பின்னட்டையில் ஒருங்குறிக் கோப்புகள் இருக்கும் இணைப்பை கியூஆர் குறியாகவும், கீழே எழுத்தாகவும் போடுங்கள்.