யூரின் கல்ச்சர் எடுப்பதும் கல்லை வடிகட்டிப் பிடிப்பதும்

சிறுநீரில் என்ன கிருமி இருக்கிறது என்று லேபில் வளர்த்துப் பார்ப்பதுதான் யூரின் கல்ச்சர். 'பல கிருமிகள் கலந்து வளர்ந்துள்ளன, மறுபடி மாதிரி அனுப்பவும்' என்று ரிப்போர்ட் வந்தால், பெரும்பாலும் மாதிரி எடுத்த விதத்தில்தான் கோளாறு. கை கழுவுவது, கையுறை போடுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மீதியைப் பார்ப்போம்.

1. ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸுக்கு முன்பே மாதிரி எடுத்துவிடுங்கள். ஆனால் நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்து, பிபி இறங்கிக் கிடப்பவருக்கு மாதிரிக்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

2. பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக, ஒவ்வொரு துடைப்புக்கும் புதிய காஸ் (வலைத்துணி). ஆண்களுக்கு முன்தோலைப் பின்தள்ளித் துடைக்க வேண்டும். வெறும் தண்ணீரோ சலைனோ போதும். டெட்டால், பெட்டாடின் வேண்டாம். மிச்சம் பாட்டிலுக்குள் சொட்டினால் கிருமி செத்து, தொற்று இருந்தும் 'வளர்ச்சி இல்லை' என்று வரும்.

3. அதிகம் சொதப்புவது இங்கேதான். 'நடுவில் பிடிங்க' என்று மட்டும் சொன்னால் நோயாளி நிறுத்தி, பாட்டிலைத் தேடி எடுத்து, மறுபடி தொடங்குவார். அதற்குள் பிறப்புறுப்பின் மடிப்பை விரித்துப் பிடித்த கை விலகிவிடும், தோலில் இருக்கும் கிருமியெல்லாம் பாட்டிலில் இறங்கும். பாத்ரூமுக்குள் போகும் முன்பே இப்படிச் சொல்லுங்கள்: "அம்மா, விரிச்ச கையை எடுக்காதீங்க. முதல்ல கொஞ்சம் கீழ விட்டுடுங்க. நிறுத்தாம, போய்க்கிட்டு இருக்கும்போதே பாட்டிலைக் குறுக்க காட்டுங்க. கடைசியும் கீழயே போகட்டும்." முதல் 20–30 மில்லி சிறுநீர்க் குழாயின் வாயைக் கழுவிவிடும். பாட்டிலில் 10–20 மில்லி போதும், விளிம்பு வரை நிரப்ப வேண்டியதில்லை. மூடியின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாது.

4. பெயர், நேரம், எடுத்த முறை மூன்றையும் மூடியில் எழுதாமல் பாட்டிலின் மேல் எழுதுங்கள். மூடி மாறினால் ஆளே மாறிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகவேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் 24 மணி நேரம் வரை வைக்கலாம், ஃப்ரீசரில் வைக்காதீர்கள். ஈ.கோலை என்ற கிருமி வசதியான சூட்டில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மில்லிக்கு ஆயிரமாக இருந்தது ஏழு முறை இரட்டித்தால் ஒரு லட்சத்தைத் தாண்டும். வழக்கமாகத் தொற்று என்று எடுத்துக்கொள்ளும் அளவே அந்த லட்சம்தான். சித்திரை வெயிலில் நர்ஸிங் மேசை மேல் மறந்த பாட்டில் இல்லாத நோயை உண்டாக்கிக் காட்டும்.

5. கதீட்டர் (சிறுநீர் வடிக்கச் செருகிய குழாய்) இருந்தால், அதன் முனையில் சிறுநீர் சேரும் யூரோபேகிலிருந்து ஒருபோதும் எடுக்காதீர்கள். மாதிரி எடுக்கும் துளைக்குக் கீழே 15 நிமிடம் கிளாம்ப் போட்டு, துளையை ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்தபின் ஸ்டெரைல் சிரிஞ்சில் 10 மில்லி இழுங்கள். உடனே கிளாம்பைத் திறந்துவிடுங்கள். மறந்தால் நோயாளியின் அடிவயிறு உப்பிக்கொண்டுதான் நினைவுபடுத்தும். கதீட்டர் போட்டு இரண்டு வாரம் தாண்டியிருந்தால், மாற்றிவிட்டுப் புதியதிலிருந்து எடுப்பதே சரி.

இனி சிறுநீரகக் கல்: சிறுநீரோடு வெளியே வருவதைப் பிடித்து லேபுக்கு அனுப்புவது.

ஒவ்வொரு முறை போகும் சிறுநீரையும், நள்ளிரவில் போவது உட்பட, வடிகட்ட வேண்டும். இரட்டை மடிப்புக் காஸைப் பலர் பயன்படுத்துகிறார்கள். என்னைக் கேட்டால் நெருக்கமான வலை உள்ள டீ வடிகட்டிதான். காஸ் மடிப்பில் மணல் அளவு கல் ஒளிந்துகொள்ளும். கிடைத்ததைத் தண்ணீரில் அலசிக் காயவைத்து உலர்ந்த டப்பாவில் போடுங்கள். ஃபார்மலின் ஊற்ற வேண்டாம், பிளாஸ்திரியில் ஒட்டியும் அனுப்ப வேண்டாம். வலி நின்றுவிட்டது என்று வடிகட்டுவதை நிறுத்தாதீர்கள். கல் நகராமலேயே வலி அடங்குவதுண்டு. 5 மில்லிமீட்டருக்குக் குறைவானவை பெரும்பாலும் தானாக வெளியேறும்.

தினம் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகுமளவுக்குத் தண்ணீர் குடிப்பது புதுக் கல் வராமலிருக்க. வலி துடிக்கும் நேரத்தில் குடம் குடமாகக் குடித்தால் கல் தள்ளப்படாது, வாந்திதான் வரும். வாழைத்தண்டுச் சாறு குடிப்பவரைத் தடுக்க வேண்டியதில்லை, மாத்திரைக்குப் பதிலாகக் குடிக்காதவரை.

கல்லோடு காய்ச்சலும் இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் கட்டியிருக்கலாம். ஸ்டென்ட்டோ (உள்ளே வைக்கும் சிறு குழாய்) முதுகு வழிக் குழாயோ வைத்து வடித்தால்தான் மருந்து பிடிக்கும். அப்போது சிறுநீர் ரிப்போர்ட் சுத்தமாக வந்தாலும் நம்பாதீர்கள். அடைபட்ட பக்கத்துச் சிறுநீர் கீழேயே இறங்கவில்லை. பாட்டிலில் இருப்பது நல்ல பக்கத்துச் சிறுநீர்.

பின்சேர்க்கை: சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்பில் நைட்ரைட் (சில கிருமிகள் உண்டாக்கும் பொருள்) நெகட்டிவ், ஆனால் எரிச்சல் இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். நைட்ரைட் உருவாகச் சிறுநீர் உடலுக்குள் சிறுநீர்ப்பையில் நாலு மணி நேரமாவது தங்க வேண்டும், அதனால் காலை முதல் சிறுநீரே மேல். என்டெரோகாக்கஸ் போன்ற கிருமிகள் நைட்ரைட்டே உண்டாக்காது. பிஎச் திரும்பத் திரும்ப 7.5க்கு மேல் காட்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள்: புரோட்டியஸ் என்ற கிருமி சிறுநீரிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும், தொற்றுக் கற்கள் அப்படித்தான் வளரும்.

இன்னொன்று: கல் இருக்கிறதென்று பால், தயிரை நிறுத்தச் சொல்லாதீர்கள். உணவிலுள்ள கால்சியம் கல்லாக மாறக்கூடிய ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். குறைக்க வேண்டியது உப்பு.