"புத்தகம் மாதிரி இல்லை" என்ற பிறகு என்ன பேசுவது?

நாவலைப் படித்தவர்களும் படிக்காதவர்களும் சேர்ந்து அதன் படத்தைப் பார்த்துவிட்டு வந்தால், முதலில் விழும் வாக்கியம் "என்ன இருந்தாலும் புத்தகம் மாதிரி வராது" என்பதுதான். படிக்காதவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பேச்சு அதோடு சரி. மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த வாக்கியத்துக்குத் தடை கிடையாது. ஆனால் சொன்னவர் அடுத்த வாக்கியத்தையும் சொல்லியாக வேண்டும்: எந்தப் பக்கம், எந்தக் காட்சி, அங்கே என்ன வரவில்லை?

நான் மெய்ப்புப் பார்க்கிற ஆள். கைப்பிரதி இடது பக்கம், அச்சுப்படி வலது பக்கம், கையில் பென்சில். நாவலையும் படத்தையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற புத்தி எனக்கு வந்ததற்கு இந்தத் தொழில்தான் காரணம். என் மேசையில் மாறியிருப்பதெல்லாம் பிழை. படத்தில் அப்படி இல்லை. யாரோ உட்கார்ந்து யோசித்து மாற்றியிருக்கிறார்கள். ஏன் மாற்றினார்கள் என்று கேட்பதுதான் கூட்டத்தின் வேலை.

முதல் கூட்டத்துக்கு "பொன்னியின் செல்வன்" வேண்டாம். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், தெரியும். ஐந்து பாகம். பாதிப் பேர் முதல் பாகத்தோடு வருவார்கள், மீதிப் பேர் "சின்ன வயதில் படித்தது" என்பார்கள். சின்னதாக ஒன்றை எடுங்கள். என் சிபாரிசு ஜெயகாந்தனின் "அக்கினிப் பிரவேசம்". 1966இல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை. சத்தமாகப் படித்தாலும் ஒரே அமர்வில் முடிந்துவிடும்.

மழைநாள், பேருந்து நிறுத்தத்தில் ஒரு கல்லூரிப் பெண், பெரிய கார், காரில் ஒருவன். வீட்டுக்கு வந்த மகளை விதவைத் தாய் குளியலறைக்கு இழுத்துப் போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள். கொட்டியது நெருப்பு என்று நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அப்போது இந்த முடிவுக்கு எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஜெயகாந்தன் என்ன செய்தார்? அந்தத் தாய் அப்படி நடந்துகொள்ளாமல், ஊரைக் கூட்டி அழுதிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவலையே எழுதினார். அதுதான் "சில நேரங்களில் சில மனிதர்கள்". 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1977இல் பீம்சிங் இயக்கத்தில் படம், அந்தப் பெண் கங்காவாக லட்சுமி, திரைக்கதையும் ஜெயகாந்தனே.

ஒரே நிகழ்ச்சி சிறுகதையாக, நாவலாக, படமாக மூன்று முறை நடக்கிறது. மூன்றிலும் அதே எழுத்தாளர். "எழுத்தாளனின் எண்ணத்தைச் சினிமாக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள்" என்ற பழைய புகார் இங்கே எடுபடாது என்பதால், பேச்சு தானாக அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும்.

படிக்கும்போது பென்சில் வேண்டும். கதைச் சுருக்கம் எழுதாதீர்கள், அது எங்கும் கிடைக்கும். கதையை யார் சொல்கிறார்கள் என்பதை ஓரத்தில் குறியுங்கள். சிறுகதையில் ஆசிரியர் வெளியே நின்று சொல்கிறார். நாவலில் கங்காவே "நான்" என்று பேசுகிறாள். படத்தில் அந்த "நான்" எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது? லட்சுமியின் முகத்திலா, வசனத்திலா, கேமரா அவளை எங்கிருந்து பார்க்கிறது என்பதிலா? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படம் பார்த்தாலே போதும், பேசுவதற்கு நிறையச் சேர்ந்துவிடும்.

இன்னொன்று, சின்னப் பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். "அக்கினிப் பிரவேச"த்தில் ஒரு சூயிங்கம் வருகிறது. காரில் அவன் கொடுத்தது. குளித்து, துடைத்து எல்லாம் முடிந்த பிறகும் அந்தப் பெண் அதை மென்றுகொண்டிருப்பதை அம்மா அப்போதுதான் கவனிக்கிறாள். துப்பச் சொல்லி, வாயைக் கொப்புளித்து வரச் சொல்கிறாள். எங்கள் வட்டத்தில் பேச்சு அரை மணி நேரம் இந்தச் சூயிங்கத்திலேயே நின்றது. தலையில் தண்ணீர் ஊற்றும்போதும் அவள் வாயில் அது இருந்திருக்கிறதே, பின்னே எது சுத்தமானது என்று கேட்டார் ஒரு அக்கா. அவள் குழந்தை, ஒன்றும் தெரியாதவள் என்று காட்டத்தான் அது என்றார் இன்னொருவர். நான் அக்கா பக்கம். கதை தாயின் கருணையைச் சொல்லிக்கொண்டே வந்து, அந்தக் கருணை எட்டாத ஒரு மூலையையும் காட்டிவிடுகிறது. "கற்பு பற்றி ஆசிரியர் கூற விழைவது யாது?" என்று ஆரம்பித்திருந்தால் பரீட்சைத் தாள் மாதிரி இருந்திருக்கும், இந்த இடத்துக்கு வந்திருக்கவே மாட்டோம்.

நாவலில் ஒரு வேடிக்கை உண்டு. "அக்கினிப் பிரவேசம்" என்ற சிறுகதை நாவலுக்குள்ளேயே வருகிறது, ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியதாக. கங்கா அதைப் பத்திரிகையில் படிக்கிறாள். தன் வாழ்க்கை இப்படி முடிந்திருக்கலாமே என்று தோன்றும் ஒரு கதையை ஒருத்தி படிக்கும் காட்சி அது. படத்தில் ஆர்.கே.வி.யாக நாகேஷ். நாகேஷ் என்றாலே சிரிக்கத் தயாராக உட்காருபவர்களுக்கு இந்த வேடம் நல்ல மருந்து.

படிப்பது முதலா, பார்ப்பது முதலா என்று கேட்பார்கள். சின்னக் கதை என்றால் படித்துவிட்டுப் பாருங்கள். பெரிய நாவல் என்றால் எது முன்னால் நடந்தாலும் குற்றமில்லை. படம் பார்த்தால் நம் மனதில் இருக்கும் முகம் அழிந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தமிழ்த் தொடர்கதை வாசகருக்கு அந்தத் தனி முகம் என்றைக்குமே முழுசாக இருந்ததில்லை. 1950இல் "பொன்னியின் செல்வன்" தொடரின் வந்தியத்தேவனை வாரா வாரம் பார்த்தவர்கள் மணியத்தின் ஓவியத்தில் பார்த்தார்கள். "தில்லானா மோகனாம்பாள்" தொடரின் மோகனாம்பாளுக்கு ஓவியர் கோபுலு முகம் கொடுத்தார். "தியாகபூமி"யின் கதை இன்னும் விசேஷம்: கல்கி விகடனில் தொடர் எழுத, கே. சுப்ரமணியம் இயக்கிக்கொண்டிருந்த படத்தின் புகைப்படங்களே தொடருக்குப் படமாக அச்சாயின. சாம்பு சாஸ்திரி என்றால் பாபநாசம் சிவன் முகம்தான், படம் 1939இல் வெளிவரும் முன்பே.

படத்தை முழுதாக ஒருமுறை வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். கூட்டத்தில் ஒரு காட்சி போதும். அதற்கான பக்கத்தை ஒருவர் சத்தமாகப் படிக்க, உடனே காட்சியைப் போடுங்கள். பிறகு அதையே ஒலியை நிறுத்திவிட்டு இன்னொருமுறை. வசனம் போனதும் யார் எங்கே நிற்கிறார்கள், யார் யாரைப் பார்க்காமல் பேசுகிறார்கள் என்பதெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். நாவலைப் படிக்காமல் வந்தவரும் இங்கே சரிசமமாகப் பேசலாம்.

"தில்லானா மோகனாம்பாள்" மாதிரிப் படத்துக்கு மட்டும் நேர்மாறாகச் செய்யுங்கள், திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். கொத்தமங்கலம் சுப்பு எத்தனை அழகாக எழுதினாலும், கதாநாயகன் சிக்கல் சண்முகசுந்தரம் நாதஸ்வரம் வாசித்தார் என்று எழுத்தில் சொல்லத்தான் முடியும். 1968இல் ஏ.பி. நாகராஜன் அந்தச் சொல்லுக்குப் பின்னால் மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்தைக் கொண்டுவந்து வைத்தார். படம் எழுத்தை மிஞ்சிய இடம் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், நான் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

வட்டம் கொஞ்சம் பழகிய பிறகு "பொன்னியின் செல்வ"னை எடுக்கலாம். அப்போதும் முழுதாக வேண்டாம். தொடக்கமும் முடிவும் மட்டும். கல்கி, வாசகரைக் கற்பனை ஓடத்தில் ஏற்றி, ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரைக்கு அழைத்துப் போகிறார். குதிரையில் ஓர் இளைஞன் வருகிறான், ஏரியைப் பார்த்து வியக்கிறான், சோழ நாட்டுக்கு அவனும் நம்மைப் போலப் புதியவன். மணிரத்னத்தின் 2022 படம் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் போர்க்களத்தில் தொடங்குகிறது. ஏரியிலிருந்து போருக்கு மாறியதில் என்ன போயிற்று, என்ன வந்தது? திரையரங்கில் பணம் கொடுத்து உட்கார்ந்தவருக்குத் தொடக்கத்திலேயே பிரம்மாண்டம் வேண்டும் என்று ஒருவர் சொல்வார். அது பாதிதான். கரிகாலன் முதலிலேயே வந்துவிட்டதால் படம் அவனுடைய துயரக் கதையாகிவிடுகிறது. நாவலில் வெகுநேரம் அவனைப் பற்றிப் பிறர் பேசித்தான் கேட்கிறோம்.

முடிவு இன்னும் சுவாரசியம். படத்தில் மணிமேகலை என்ற பாத்திரமே இல்லை. கடம்பூர்ப் பெண், வந்தியத்தேவன்மேல் ஒருதலையாக உயிரை வைத்தவள். நாவலின் கடைசி அத்தியாயமே அவளுடையது. அவன் மடியில் அவள் உயிர் பிரிவதோடுதான் அந்தப் பிரம்மாண்டக் கதை நிற்கிறது. அவளை எடுத்துவிட்டால் கதை எங்கே போய் முடியும்? பட்டாபிஷேகத்தில்தான். ஒரு பாத்திரம் காணாமல் போனால் "ஐயோ, விட்டுவிட்டார்களே" என்று வருத்தப்படுவதைவிட, நாவலில் அது என்ன வேலை பார்த்தது என்று கேளுங்கள். அந்த வேலையைப் படத்தில் வேறு யாராவது ஏற்றிருக்கிறார்களா, அல்லது அந்த வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டார்களா என்று தேடலாம்.

சேர்த்ததைப் பற்றியும் இதே போலப் பேசலாம். பூமணியின் "வெக்கை" 1982இல் வந்த சின்ன நாவல். கொலை செய்துவிட்ட பதினைந்து வயதுப் பையனும் அப்பாவும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரியும் சில நாட்கள், அவ்வளவுதான். 2019இல் வெற்றிமாறன் அதை "அசுரன்" ஆக்கியபோது அப்பாவுக்கு ஒரு நீண்ட கடந்தகாலம் முளைத்தது, தலித்துகளுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் கதைக்குள் வந்தது. பையனின் கதை அப்பாவின் கதையானது. அப்பாவாக நடித்தவர் தனுஷ் என்பதும் ஒரு காரணம், அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் நாவல் பூடகமாக விட்டதைப் படம் பெயர் சொல்லிப் பேசுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்தப் படத்தைப் பேசும்போது குரல் உயரும். உயரட்டும். தனிமனிதர்கள் மீது பாயும் நிலை வந்தால் மட்டும், நடத்துகிறவர் "பக்கம் எண் சொல்லுங்க" என்று சொல்லிப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். தேடுகிற நேரத்தில் சூடு கொஞ்சம் தணிந்துவிடும்.

எவ்வளவு தூரம் விலகினால் அது தழுவல் இல்லை என்று சண்டை வரும் நாளுக்கு "சிற்றன்னை"யையும் "உதிரிப்பூக்க"ளையும் ஒதுக்கிவையுங்கள். புதுமைப்பித்தனிடமிருந்து மகேந்திரன் எடுத்துக்கொண்டது தாயில்லாக் குழந்தைகளையும் சுந்தரவடிவேலு என்ற பெயரையும் இன்னும் கொஞ்சத்தையும்தான். கதையில் சித்தி முக்கியம். 1979 படத்தில் சாகப்போகும் முதல் மனைவிதான் பெரும்பகுதி. ஆற்றங்கரை முடிவு முழுக்க மகேந்திரனுடையது. இருந்தும் படத்தைப் பார்த்துவிட்டுக் கதைக்குத் திரும்பினால் அந்தக் குழந்தைகளை அடையாளம் தெரிகிறது. புதுமைப்பித்தன், கல்கி இருவர் எழுத்தும் நாட்டுடைமையானவை, மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும். "புத்தகம் கிடைக்கலை" என்று யாரும் தப்பிக்க முடியாது.

காப்பியம் வேண்டும் என்று கேட்டால் "பூம்புகார்", 1964. கருணாநிதி வசனம், கண்ணகியாக விஜயகுமாரி. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை முன்னாலேயே நகலெடுத்துக் கொடுத்துவிடுங்கள். "தேரா மன்னா செப்புவது உடையேன்" தொடங்கி "யானோ அரசன் யானே கள்வன்" வரை ஒருவர் நிதானமாகப் படிக்கட்டும். இளங்கோ எத்தனை குறைந்த வரிகளில் அரசனைக் கொன்றுவிடுகிறார் என்று எல்லோரும் பார்த்த பிறகு, படத்தின் நீதிமன்றக் காட்சியைப் போடுங்கள். அங்கே வசனம் பொங்கும். எது உசத்தி என்று கேட்காமல், கண்ணகி யாரைப் பார்த்துப் பேசுகிறாள் என்று கேளுங்கள்: பாண்டியனையா, திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த 1964ஆம் வருடத்துக் கூட்டத்தையா? ஒரு கூட்டத்தில் இது முடியாது. அடுத்த மாதத்தையும் இதற்கே எழுதிவையுங்கள்.