பாடத்துக்குள்ளேயே உலகத்தைக் காட்டுவது எப்படி?

வகுப்பறையில் உலகப் பார்வையை வளர்க்க வேண்டும் என்றதும், கொடிகளும் தேசிய உடைகளும் நிறைந்த ஒரு சிறப்பு நாளைத்தான் பல பள்ளிகள் ஏற்பாடு செய்கின்றன. மாணவர்கள் அதை மகிழ்ச்சியோடு கொண்டாடுவார்கள். ஆனால் மறுநாள் பாடம் பழையபடியே நடக்கும். நடத்தியே ஆக வேண்டிய பாடத்துக்குள் "இது எங்கிருந்து வந்தது, இதையே வேறோர் இடத்தில் இருப்பவர் எப்படிப் பார்ப்பார்?" என்ற கேள்வியை நுழைப்பதே நிலைத்த பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

சுவரில் தொங்கும் உலக வரைபடத்திலிருந்து தொடங்கலாம். அது துருவங்களை நெருங்க நெருங்க நிலப்பரப்புகளைப் பெரிதாகக் காட்டும் மெர்கேட்டர் முறையில் அமைந்ததாக இருந்தால், ஆப்பிரிக்கா, கிரீன்லாந்து இரண்டில் எது பெரியது, எத்தனை மடங்கு பெரியது என்று விளக்கம் எதுவும் சொல்லாமல் கேளுங்கள். விடைகளைப் பலகையில் எழுதிய பின், ஒரு மெல்லிய தாளை உலக உருண்டையின் மேல் வைத்துக் கிரீன்லாந்தின் எல்லையை வரைந்து, வெட்டி, ஆப்பிரிக்காவின் மேல் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 3 கோடி சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கண்டத்தில், சுமார் 21.6 லட்சம் சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள அந்தத் தீவு ஒரு மூலையில் அடங்கிவிடும். அடுத்து ஆப்பிரிக்கா முழுவதையும் ஒரே தாளால் மூடச் சொன்னால், தாளில் மடிப்பு விழும். அந்த மடிப்பை விரலால் தொட்டுப் பார்க்கும் மாணவருக்கு, வளைந்த பரப்பைச் சிதைக்காமல் தட்டையாக்க முடியாது என்பது தானே புரியும். 1569இல் வெளிவந்த மெர்கேட்டர் வரைபடம் மாலுமிகள் திசை மாறாமல் செல்வதற்காக உருவானது என்பதையும் அப்போது சொல்லுங்கள். இல்லையென்றால் வரைபடம் பொய் சொல்கிறது என்ற தவறான முடிவோடு பிள்ளைகள் எழுந்துபோவார்கள்.

கணிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, ஒவ்வோர் எண்ணும் தனக்கு மேலே உள்ள இரண்டு எண்களின் கூட்டுத்தொகையாக அமையும் பாஸ்கல் முக்கோணம். குறில், நெடில் என்ற இருவகை அசைகளைக் கொண்டு மூன்று அசையுள்ள அடிகளை எத்தனை விதமாக அமைக்கலாம் என்று மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். நெடிலே இல்லாதது 1, ஒரு நெடில் உள்ளவை 3, இரண்டு நெடில் உள்ளவை 3, எல்லாமே நெடிலானது 1 என்று முக்கோணத்தின் ஒரு வரிசை அவர்கள் கையாலேயே பிறக்கும். 10ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் ஹலாயுதர், பிங்கலரின் சமஸ்கிருத யாப்பு நூலுக்கு உரை எழுதியபோது இந்த அமைப்பை விளக்கினார். சீனாவில் 13ஆம் நூற்றாண்டின் கணித அறிஞர் யாங் ஹுய் பெயராலும், ஈரானில் கவிஞரும் கணித அறிஞருமான உமர் கய்யாம் பெயராலும் இதே முக்கோணம் வழங்குகிறது. யார் முதலில் கண்டார் என்ற போட்டியாக இதை மாற்றிவிடாதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் எந்தத் தேவை இதைக் கேட்டது என்பதே வகுப்பில் பேச வேண்டியது.

வரலாற்றுக்குச் சுருக்கமான வழி ஒன்று போதும்: ஒரே போரைப் பற்றி இரண்டு நாட்டுப் பாடநூல்கள் எழுதிய பத்திகளை அருகருகே வைத்து, எந்த வினைச்சொற்கள் மாறுகின்றன என்று அடிக்கோடிடச் செய்யுங்கள்.

வேற்று நாட்டு வகுப்போடு தொடர்பு கிடைத்தால், அறிமுகக் கடிதங்களோடு நிறுத்திவிடாமல், இருவரும் சேர்ந்தால்தான் முடியும் ஒரு வேலையைக் கொடுங்கள். ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் உள்ள இரண்டு பள்ளிகள், ஒரே நாளில், நிழல் மிகக் குறுகும் நேரத்தில் செங்குத்தான ஒரு மீட்டர் கோலின் நிழலை அளந்து, சூரியக் கோணங்களைக் கணக்கிட்டுப் பரிமாறிக்கொண்டால், அந்தக் கோணங்களின் வேறுபாட்டையும் பள்ளிகளுக்கு இடையே உள்ள வடக்கு–தெற்குத் தொலைவையும் வைத்து, பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் செய்ததுபோல பூமியின் சுற்றளவைக் காணலாம். ஒரு பக்கத்து அளவு மட்டும் இருந்தால் விடை வராது என்பதால், அங்கே உள்ளவர்களின் கவனமான அளவீட்டுக்காக இங்கே உள்ளவர்கள் ஆவலோடு காத்திருப்பார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரு நாட்டைப் பற்றிப் பேசும்போது பஞ்சத்தையும் போரையும் மட்டுமே காட்டினால், மாணவர்களிடம் வளர்வது இரக்கமே தவிரப் புரிதல் அல்ல. அங்கே உள்ள ஒரு பேருந்து கால அட்டவணையையோ பள்ளி நூலகத்தையோ சேர்த்துக் காட்டுங்கள். வேறு நாட்டிலிருந்து வந்த மாணவர் வகுப்பில் இருந்தால், "உங்கள் நாட்டில் எப்படி?" என்று எல்லார் முன்னும் திடீரெனக் கேட்காதீர்கள். பேச விருப்பமா என்று தனியே கேட்டு, இல்லை என்றால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

பாட முடிவில் ஒவ்வொருவரும் "இதைப் பற்றி நான் இன்னும் யாரிடம் கேட்க வேண்டும்?" என்ற கேள்விக்கு ஒரு வரியில் விடை எழுதித் தரட்டும். அந்தச் சீட்டுகளில் ஒன்றை எடுத்து அடுத்த பாடத்தைத் தொடங்குங்கள்.