பிவிசி குழாயில் ஒரு தூண்டில் தாங்கி

கடையில் வாங்கிய தூண்டில் தாங்கி உப்புத் தண்ணீரில் திருகாணி துருப்பிடித்து ஆட ஆரம்பித்ததும், கயாக் என்கிற என் சிறு துடுப்புப் படகுக்கு நானே ஒன்று செய்துகொண்டேன். ஒன்றரை இன்ச் பிவிசி குழாய், ஓர் அடி போதும். பிவிசி 80 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும் என்பதால் நுனியைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி, கண்ணாடி பாட்டிலைத் தலைகீழாகச் செருகி அழுத்தினால் வாய் அழகாக விரியும், ஆறும்வரை கையை எடுக்கக் கூடாது, கையுறை அவசியம். நெருப்பில் மட்டும் காட்டாதீர்கள், கருகினால் வருவது நச்சுப் புகை. அப்புறம் தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலின் கால் உட்கார ஒரு பிளவு அறுத்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தேன்.

படகில் ஓட்டை போட மனசு வரவில்லை. இருக்கைக்குப் பின்னால் கட்டியிருக்கும் பால் கிரேட்டிலேயே கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் கட்டுப்பட்டை போட்டு இறுக்கிவிட்டேன். கறுப்பு டையாக வாங்குங்கள், வெள்ளை வெயிலில் சீக்கிரம் நொறுங்கிவிடும்.