பற்றை நிழலும் அடித்தாவரங்களும்: உவர்த்தரவையில் அளந்து அறியும் முறை

முல்லைத்தீவுப் பகுதியின் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளின் ஓரத்தில், உப்பேறிய திறந்தவெளியான தரவையில், உமரி என்னும் உவர்நிலச் செடியின் பற்றைக்கு அடியில் பூண்டும் கோரையும் அடர்ந்திருக்க, சற்று அப்பால் உப்புப் பூத்த வெறுந்தரை கிடப்பதைக் காண்பவர், பற்றைதான் அவற்றைக் காக்கிறது என எளிதில் முடிவுகட்டிவிடுவார். நிழல் மண்ணின் ஆவியாதலைக் குறைப்பதால், நீரோடு மேலேறி மண்பரப்பில் படியும் உப்பும் குறைகிறது என்பது உண்மையே. ஆயினும் அதே பற்றை ஒளியை மறைக்கிறது. வேரால் நீரைப் பங்கு கேட்கிறது. கண்ணா போன்ற கண்டல் தாவரங்கள் இலைவழியே உப்பையும் வெளியேற்றுகின்றன. எது மேலோங்குகிறது என்பதை அளந்தே சொல்ல வேண்டும்.

ஒரே இனத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ ஒரே பருமனுள்ள பற்றைகளைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் அடியில், விளிம்பில், வெளியில் என மூன்று இடங்களில் 50 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தை வைத்து, உள்ளே நிற்கும் இனங்களையும் அவை மூடிய பரப்பையும் குறியுங்கள். நண்பகல் நிழல் மார்கழியில் வடக்கேயும் ஆனியில் சற்றுத் தெற்கேயும் விழுவதால், சட்டம் பற்றையின் எப்பக்கத்தில் இருந்தது என்பதையும் எழுதுங்கள்.

மிகுந்த கவனம் வேண்டியது நிலமட்டத்தில்தான். பற்றைகள் பெரும்பாலும் சிறு மேட்டில் நிற்கும். சில சென்ரிமீற்றர் உயர்வுகூட நீர் தேங்கும் காலத்தை மாற்றிவிடும் என்பதால், பற்றையின் பயன் என்று நாம் எண்ணுவது மேட்டின் பயனாக இருக்கக்கூடும். மேசன்மார் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயால் மூன்று இடங்களின் உயரத்தையும் அளந்து, பற்றையில்லாத மேடுகளிலும் சட்டம் வையுங்கள். இந்தப் படியை விட்டுவிட்ட ஆய்வை என்னால் நம்ப முடியாது.

மேல் 5 சென்ரிமீற்றர் மண்ணை எடுத்து உலர்த்தி, ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துக் குலுக்கித் தெளியவிட்டு, மின்கடத்துதிறன் மானியால் மண்ணின் உப்பை அளவிடலாம்.

நிழலையும் வேரையும் பிரித்தறிய, வெளியில் நான்கு தடி நட்டு நிழல்வலை கட்டுங்கள். அதனடியில் பூண்டு பெருகினால் காரணம் நிழல் எனக் கொள்ளலாம். தரவையில் மேயும் மாடும் எருமையும் பற்றைக்குள் எளிதில் வாய் வைப்பதில்லை. ஆகவே வெளிச்சட்டங்களில் சிலவற்றை வேலியடைத்துப் பார்க்காவிட்டால், மேய்ச்சலின் விளைவு உப்பின் விளைவாகத் தோன்றிவிடும்.

சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்காவாகவும், விடத்தல்தீவு 2016 முதல் இயற்கை ஒதுக்கமாகவும் இருப்பதால், அங்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி எதையும் நடவோ வெட்டவோ கூடாது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகையுள்ள நிலத்துள் எக்காரணத்துக்காகவும் கால் வைக்காதீர்கள்.

மாரி ஓயும் தை, மாசியில் ஒருமுறையும், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மண்ணை உலர்த்தித் தீர்க்கும் ஆவணியில் மறுமுறையும் அளவிடுங்கள். மழைநீர் உப்பைக் கழுவிய பின் வெளியில் பூண்டு மிகுந்தும், கோடையில் பற்றையடியில் மட்டும் எஞ்சியும் இருக்கக்கூடும் என்பதால், இரு பருவ அளவுகளையும் கூட்டிச் சராசரியாக்காமல் தனித்தனியே பதியுங்கள்.