தெருவில் நிவாரணப் பொருள் திரட்டுவது எப்படி?

புயலோ வெள்ளமோ வந்த மறுநாள், "நாமும் ஏதாவது செய்யணும்" என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் யாராவது எழுதுவார்கள். அந்த யாராவது நீங்கள்தான் என்றால், இது உங்களுக்கு.

1. முதலில் போன் போடுங்கள்

பாதிக்கப்பட்ட ஊரில் ஒருவரைப் பிடித்து, எத்தனை வீடு, என்ன வேண்டும் என்று கேளுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, நாங்கள் இதைச் செய்யாமலே அறிவிப்புப் போட்டோம். ஒரே நாளில் பதினோரு மூட்டை பழைய துணி. ஒன்றில் கோட்டு சூட்டு! அங்கே கேட்டதோ தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி. கூரை பறந்து, மின்கம்பம் சாய்ந்து, இருட்டில் கிடக்கிற ஊருக்குக் கோட்டு எதற்கு?

2. பட்டியல் போடுங்கள்

பத்துப் பொருளுக்கு மேல் வேண்டாம். "பழைய துணி வேண்டாம்" என்பதைப் பெரிய எழுத்தில். பணம் ஒருவரிடம், நோட்டு இன்னொருவரிடம். பணம் தர முடியாதவரையும் விட்டுவிடாதீர்கள்; மூட்டை கட்டக் கை வேண்டும்.

3. வீட்டுக்கு ஒரு பை

அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், தீப்பெட்டி, சோப்பு, நாப்கின். எல்லாப் பையும் ஒன்றுபோல இருக்கட்டும். ஒரு வீட்டுக்குக் கூடினால் சண்டை வரும். நாம் வண்டியேறிவிடுவோம், அவர்கள் அங்கேதான் இருக்க வேண்டும். எண்ணெய் பாக்கெட்டைத் தனிக் கவரில் போட்டு மேலே வையுங்கள். அது உடைந்தால் அரிசி முழுக்கப் போச்சு.

4. வண்டி

நாற்பது ஐம்பது பைக்குக் குட்டியானை போதும். மெயின் ரோட்டில் மட்டும் நிறுத்தாதீர்கள். கஜாவின்போது ரோட்டோர ஊர்களுக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்தது, உள்ளே இருந்தவர்கள் காத்துக்கிடந்தார்கள். அப்புறம், இதை வாய்விட்டே கேளுங்கள்: "நீங்க சொன்ன கணக்குல காலனியும் சேர்த்தியா?" கேட்காவிட்டால் பல ஊர்களில் அது சேராது. முந்தின நாளே ஊர்க்காரர்களை வைத்து வீட்டுக்கு ஒரு டோக்கன் கொடுத்துவிட்டால், வண்டியைச் சுற்றித் தள்ளுமுள்ளு இருக்காது.

வாங்குகிறவர் முகத்தைப் போட்டோ எடுக்காதீர்கள். காலி வண்டியை எடுங்கள், போதும்.

5. கணக்கு

அன்று ராத்திரியே வரவு செலவை நோட்டோடு படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். மிஞ்சிய பொருள் யார் வீட்டில், சாவி யாரிடம் என்பதையும் எழுதுங்கள். எங்களிடம் மிஞ்சியது ஏழு தார்ப்பாய். மூன்றாவது வீட்டுப் பரணில் இருக்கிறது. மழைக்காலம் வந்தால் தெருவில் யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகலாம்.